ஹாம் டவருக்கு ஒரு கேமரா: செங்கோட்டைக் கணவாய்ப் பக்கத்திலிருந்து முழுமையான வழிகாட்டி

ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரை பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் இறங்கும். அந்தக் காற்றை நம்பித்தான் கிழக்கே காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அதே காற்றில்தான் நம் ஹாம் டவர்களும், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஆன்டெனா மாட்டும் கோபுரங்களும், நிற்கின்றன. ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டர் பெட்டியின் முள் மேற்கைக் காட்டும், மேலே கிளாம்ப் வழுக்கிப்போய் யாகி என்ற திசை ஆன்டெனா வடக்கே பார்த்துக்கொண்டிருக்கும். டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி ஒன்று தளர்ந்து ஆடும். சாரலில் நனைந்துகொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பதைவிட, ரிக் என்கிற ரேடியோ பெட்டி முன்னால் உட்கார்ந்தபடியே பார்க்க ஒரு கேமரா இருந்தால் எவ்வளவோ நல்லது.

சிசிடிவி போடுகிறவரைக் கூப்பிட்டால் அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிடுவார். படமும் தெளிவாக வரும். ஆனால் மறுநாள் காலை 7 மெகாஹெர்ட்ஸில் (40 மீட்டர் பேண்ட்) கொல்லத்து நண்பர்களின் குரல், கேமராவின் மின்சுற்றுகள் கிளப்பும் ரேடியோ இரைச்சலுக்குள் மூழ்கிப் போயிருக்கும். கடைக்கும் வீட்டு வாசலுக்கும் கேமரா போடுவதற்கும் ஹாம் டவருக்குப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். படம் வருவது பெரிய காரியமில்லை. கேமரா வந்த பிறகும் ரிசீவரின் காது முன்போலவே கேட்க வேண்டும், கேமரா கேபிளைப் பிடித்துக்கொண்டு இடி வீட்டுக்குள் வரக் கூடாது. இந்த வழிகாட்டியின் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றித்தான்.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். ஆன்டெனா எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை. காற்றுக்குப் பிறகு ஸ்டே கம்பி, கிளாம்ப், கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இன்னொரு வேலை. மலைமேல் மேகம் திரள்வதைப் பார்ப்பது மூன்றாவது. டவர் அடியில் யார் வருகிறார்கள், குரங்கு கேபிளைப் பிடித்து இழுக்கிறதா என்பது நான்காவது. நான்கையும் ஒரே கேமராவில் பார்க்க ஆசைப்பட்டு, சுற்றிச் சுழலும் பிடிஇசட் கேமராவை உச்சியில் மாட்டுகிறவர்கள் உண்டு. விலை அதிகம், எடை அதிகம், மோட்டார் இரைச்சல் வேறு. பழுதானால் ஒவ்வொரு முறையும் மேலே ஏற வேண்டும். சாதாரண நிலைக் கேமரா இரண்டை வேறு வேறு இடத்தில் வைப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

எங்கே மாட்டுவது

டவர் கேமரா என்றதும் எல்லோரும் டவர்மேல் மாட்டத்தான் நினைக்கிறார்கள். ஆன்டெனாவைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றால், கேமராவுக்குச் சரியான இடம் டவர் அல்ல, அதற்கு எதிரே இருக்கும் உங்கள் வீட்டின் இறவாணம், அதாவது கூரையின் நீண்ட ஓரத்துக்கு அடியில். காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன்.

காற்றை எடுத்துக்கொள்வோம். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்கு நொடிக்கு 39 மீட்டர் என்று அடிப்படை வேகம் தருகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். காற்றழுத்தம் கண்டுபிடிக்க, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்க வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 910 நியூட்டன் வரும். 25 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள புல்லட் கேமராவின் பக்கவாட்டில் விழுவது 23 நியூட்டன், அதாவது இரண்டே கால் கிலோ எடை தொங்குவது மாதிரி. இதை டவர் தாங்கிவிடும். பெரிய பிடிஇசட் என்றால் ஐந்தரைக் கிலோவுக்குப் போகும், அதன் சொந்த எடை தனி. ஏற்கெனவே யாகியும் ரோட்டேட்டரும் நிற்கிற உச்சியில் இதையும் சேர்ப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

ஆட்டம் அதைவிடப் பெரிய தொல்லை. 12 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 25 டிகிரி அகலத்தைக் காட்டும். 2560 பிக்சல் அகலப் படத்தில் ஒரு டிகிரிக்கு நூறு பிக்சல். டவர் அரை டிகிரி ஆடினாலே படம் 50 பிக்சல் தாவும். ஆடி மாதத்துக் காற்றில் அந்தப் படத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாது. எதைப் பார்க்கவென்று கேமரா வைத்தோமோ, அந்தக் காற்று நாளில்தான் அது உதவாமல் போகும்.

இறவாணத்தில் வைத்தால் கேமரா அசையாது. 15 மீட்டர் உயர டவர், அதிலிருந்து 15 மீட்டர் தள்ளி வீடு, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா சுமார் 39 டிகிரி மேல்நோக்கிப் பார்க்கும், ஆன்டெனாவுக்குத் தூரம் 19 மீட்டர். 6 மில்லிமீட்டர் லென்ஸின் 50 டிகிரிப் பார்வையில் அந்தத் தூரத்தில் 18 மீட்டர் அகலம் அடங்கும். 20 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கான யாகியின் உறுப்பு (குறுக்குக் குழாய்) ஏறத்தாழ 10 மீட்டர் நீளம், எனவே தாராளமாக உள்ளே நிற்கும். 2 மீட்டர் பேண்ட் யாகி மட்டும்தான் என்றால் 12 மில்லிமீட்டர் லென்ஸ் எடுங்கள்.

இறவாணத்தின் இன்னொரு லாபம், மழைத்துளி. மேல்நோக்கிய கண்ணாடியில் சாரல் படிந்தால் தானாக வழிந்து இறங்காது. குற்றால சீசன் முழுக்க இங்கே விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். கூரை கேமராவுக்கு முன்னால் ஒன்றரை அடியாவது நீண்டிருந்தால் சாரலில் பெரும்பகுதி நின்றுவிடும். கூரை படத்தின் மேல் ஓரத்தை மறைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் காற்று மேற்கிலிருந்து வருவதால் வீட்டின் மேற்குச் சுவரைத் தவிர்ப்பது நல்லது.

அப்புறம் வெயில். நாம் இருப்பது வடக்கு 9 டிகிரி அட்சத்தில். சித்திரை பிறக்கும்போதும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் குச்சி நட்டுக் காட்டுவார்களே, அது. அந்த நாட்களில் நேர் மேலே பார்க்கும் கேமராவின் சென்சாருக்குள் சூரியன் நேராக இறங்கும். டவருக்குத் தெற்கே கேமராவை வைத்து வடக்கு நோக்கித் திருப்பினால், மேலே சொன்ன கோணங்களில் வருடம் முழுவதும் சூரியன் படத்துக்குள் வராது. தெற்கு நோக்கினால் மார்கழி, தை மாதங்களில் தொந்தரவு தரும். மேற்கு நோக்கினால் மலைக்குப் பின்னால் சூரியன் மறையும் வரை மாலை முழுதும் ஆன்டெனா கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

டவரில்தான் மாட்ட வேண்டும் என்ற நிலையும் வரும், மேகம் பார்ப்பதற்கு அல்லது தோப்பைப் பார்ப்பதற்கு. அப்போது மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மாட்டுங்கள். ஏற எளிது, ஆட்டம் குறைவு, ஆன்டெனாவிலிருந்து தூரமும் கிடைக்கும். உச்சியில் இடிதாங்கி இருக்கட்டும், கேமரா வேண்டாம்.

எந்தக் கேமரா

பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்த்த டோம் கேமரா வேண்டாம். வெயிலில் கிண்ணம் மங்கும், துளி படிந்தால் படம் முழுதும் கலங்கும். முன்னால் தொப்பி நீண்ட, உலோக உடம்புள்ள புல்லட் கேமராதான் நமக்கு ஏற்றது. ஐபி66 என்றால் தூசி புகாது, வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நமக்கு ஐபி66 போதும். பெரும்பாலும் தண்ணீர் போவது கேமராவுக்குள் அல்ல, பின்னால் வால் மாதிரித் தொங்கும் இணைப்பில்தான். அந்த இணைப்பை அடியில் மட்டும் துளையுள்ள ஒரு பெட்டிக்குள் வைத்து, கேபிளைக் கொஞ்சம் கீழே வளைத்து, பிறகு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி என்ற பொது நெறிமுறைகள் இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் ஆப் ஒன்றைத் தவிர வேறு எதிலும் பார்க்க முடியாது. இரவுக்கான அகச்சிவப்பு விளக்கை அணைத்து வைக்க வழி இருக்க வேண்டும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். சாரல் நேரத்தில் துளிகளில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும். பத்தொன்பது மீட்டர் தள்ளி நிற்கும் மெல்லிய அலுமினியக் குழாய்க்கு அதனால் பெரிய பயனும் இல்லை. தேவைப்படும்போது மட்டும் தரையிலிருந்து ஒரு ஃபோகஸ் விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் இரைச்சலை அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கேமரா போட்ட பிறகு இரைச்சல் கூடியதா என்று சொல்ல, அதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும்.

ரிக்கை பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டு மெயினை அணைத்து 80, 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளிலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் (2 மீட்டர் பேண்ட்) வரையிலும் யாரும் பேசாத இடத்தில், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று லாக் புத்தகத்தில் குறியுங்கள். பிறகு மெயினைப் போட்டு இன்னொரு முறை. ரிக்கில் ப்ரீஆம்ப் (சிக்னலைக் கூட்டுவது), அட்டெனுவேட்டர் (குறைப்பது), ஃபில்டர் அகலம் எல்லாம் இரண்டு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பகலில் ஒன்று, இரவில் ஒன்று எழுதினால் இன்னும் நல்லது, 40 மீட்டரின் இயற்கை இரைச்சலே இரவில் வேறு. கம்ப்யூட்டரில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர் இருந்தால், பேண்ட் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் வாட்டர்ஃபால் படத்தையும் சேமித்து வையுங்கள், பிறகு ஒப்பிட அதைவிட எளிய வழி இல்லை.

இப்போது கேமராவை டவருக்கு ஏற்றாமல், திண்ணையில் வைத்தே, அதே கேபிள், அதே அடாப்டரோடு ஓட்டிப் பாருங்கள். கேபிளைச் சுருட்டி வைக்காமல் முற்றத்தில் நீளமாக விரித்துப் போட வேண்டும், சுருட்டினால் உண்மை தெரியாது. அச்சன்புதூரில் ஒரு நண்பர் வீட்டில் இப்படிப் பார்த்தபோது 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்கச் சம இடைவெளியில் மேடு மேடாக இரைச்சல் நின்றது. கேமராவோடு வந்த சின்ன அடாப்டரைப் பிளக்கிலிருந்து இழுத்ததும், எஸ்7-இல் நின்ற முள் எஸ்2-க்கு விழுந்தது. ஒரு எஸ் என்பது 6 டெசிபெல். அந்த அடாப்டர் 30 டெசிபெல்லைத் தின்றுகொண்டிருந்தது. மெல்லிய குரல் எதுவும் அதைத் தாண்டி வராது.

இரைச்சலின் முகத்தைப் பார்த்தே அது எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்லலாம். எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுகளில் சம இடைவெளியில் வரும் அகலமான, கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும் மேடுகள் ஸ்விட்சிங் மின்வழங்கியின் வேலை. 2 மீட்டர் பேண்டில் ஊசி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் விசில்கள் பெரும்பாலும் ஈதர்நெட்டிலிருந்து வருபவை.

மின்சாரமும் கேபிளும்

பிஓஇ என்பது தரவு போகும் கேபிளிலேயே 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பும் முறை. ஒரே கேபிள், 100 மீட்டர் வரை போகலாம். வசதியானதுதான், ஆனால் ஸ்விட்ச் பெட்டியிலும் கேமராவுக்குள்ளும் ஸ்விட்சிங் சுற்றுகள் ஓடும். நல்ல தயாரிப்பில் இரைச்சல் குறைவாக இருக்கும். விலை மலிவானதில் திண்ணைச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, ஷேக்கில் (ரேடியோ அறையில்) ஏற்கெனவே இருக்கும் 13.8 வோல்ட் லீனியர் (ஸ்விட்சிங் அல்லாத) மின்வழங்கி அல்லது அதோடு எப்போதும் சார்ஜில் இருக்கும் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கேமராவுக்கு நேராகக் கொடுப்பது. கரண்ட் போனாலும் கேமரா ஓடும். உங்கள் கேமரா 13.8 வோல்ட்டைத் தாங்குமா என்று அதன் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 5 வாட் கேமரா 0.42 ஆம்பியர் இழுக்கும். 24 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.084 ஓம். 30 மீட்டர் தூரத்துக்குப் போக வர 60 மீட்டர். ஒரு ஜோடியில் அனுப்பினால் 2 வோல்ட்டுக்கு மேல் விழும், நெட்வொர்க் கேபிளில் உபரியாக இருக்கும் இரண்டு ஜோடிகளையும் சேர்த்துக் கட்டினால் 1 வோல்ட்தான் விழும். 12.7 வோல்ட் கேமராவுக்குப் போய்ச் சேரும். இணைப்பின் தொடக்கத்தில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட மறக்காதீர்கள்.

இந்தக் கணக்கெல்லாம் செம்புக்குத்தான். கடையில் கேட்6 என்று கொடுக்கும் சுருளில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் கலந்து வரும். ஒரு கம்பியை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்தடை கூடுதல், இரண்டு முறை வளைத்தால் ஒடியும். வெளியே போடுவதற்குக் கறுப்பு பாலிஎத்திலீன் உறையுள்ள, உலோக ஷீல்டு உள்ள கேபிள் வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் வெடித்துவிடும்.

கேபிளை டவரின் ஒரு காலோடு ஒட்டி, உள்பக்கமாக இறக்குங்கள். டைபோல் ஆன்டெனாக் கம்பிக்கு இணையாக ஓடவே கூடாது, குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். தரையிலிருந்து பத்தடி உயரம் வரை ஜிஐ குழாய்க்குள் விடுங்கள். குற்றாலம், பண்பொழிப் பக்கத்துக் குரங்குகளுக்குத் தொங்கும் கேபிள் என்றால் ஒரு தனி ஆசை. கட்டுவதற்குத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைதான் நிற்கும், வெள்ளைப் பிளாஸ்டிக் டை ஒரு கோடைக்குப் பிறகு தூளாகிவிடும்.

ஃபெரைட்

சிசிடிவிக்காரர் யாரும் இதைப் போட மாட்டார், நாம்தான் போட வேண்டும். கேபிளின் வெளிப்பக்கமாக ஓடும் ரேடியோ அலை மின்னோட்டத்தை ஃபெரைட் வளையம் தடுக்கும். கேமராவின் இரைச்சல் ஆன்டெனாவுக்குப் போகாமலும், நீங்கள் 100 வாட்டில் பேசும்போது அது கேமராவுக்குள் புகாமலும் இரண்டு பக்கமும் காக்கும். பேசும்போதெல்லாம் படத்தில் கோடு விழுந்தாலோ கேமரா அணைந்து எரிந்தாலோ காரணம் இதுதான்.

எச்எஃப்புக்கு 31 கலவை (ஃபெரைட் பொருளின் வகை எண்) வளையம் எடுங்கள், எஃப்டி240-31 என்று கேட்டால் கிடைக்கும். வெளிவிட்டம் 2.4 அங்குலம், உள்ளே ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேட்6 கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றலாம். பிளக்கைப் பொருத்துவதற்கு முன்னாலேயே சுற்றிவிடுவது எளிது. கேமரா முனையில் ஒன்று, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. 2 மீட்டர் பேண்டில் விசில் இருந்தால் 43 கலவை கிளிப்புகள் நான்கைந்தை வரிசையாக மாட்டுங்கள். எச்எஃப் தொல்லைக்கு ஒற்றைக் கிளிப்பை ஒரு தடவை மாட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்த அலைவரிசையில் சுற்றுகளின் எண்ணிக்கைதான் வேலை செய்யும். சுற்று இரண்டு மடங்கானால் தடுப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

ஃபெரைட்டுக்கும் அடங்காத விசில் என்றால் கேமராவின் நெட்வொர்க் அமைப்பில் அல்லது ஸ்விட்சில் வேகத்தை 100-லிருந்து 10 மெகாபிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய படத்துக்கு அதுவே மிச்சம். விசில் இடம் மாறும் அல்லது மெலிந்துவிடும்.

இடி

சித்திரை, வைகாசிக் கோடை மழையும், மலையாளத்தார் துலாவர்ஷம் என்று சொல்கிற ஐப்பசி, கார்த்திகை மழையும் நமக்கு இடியோடுதான் வரும். டவர் ஊரில் உயரமான உலோகம். அதிலிருந்து ஒரு கேபிள் நேராக ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

டவரின் ஒவ்வொரு காலுக்கும் எர்த், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கும் பட்டை, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்கும் இன்னொரு பட்டை. கேமராவுக்கென்று தனியாக ஒரு குழி தோண்டி எர்த் போட்டு, அதை மற்றதோடு சேர்க்காமல் விடுவது ஆபத்து. இடி விழும் அந்தக் கணத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும், அது சமன் ஆக எடுத்துக்கொள்ளும் பாதை உங்கள் கேபிள்தான். நம் பக்கத்துச் சரளை மண்ணில் ஒரு குழாய் போதாது. இரண்டு மூன்று குழாய்களை, அவற்றின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இறக்கிச் சேருங்கள்.

கோஆக்ஸும் கேமரா கேபிளும் வீட்டுக்குள் ஒரே இடத்தில், ஒரே உலோகத் தகட்டின் வழியாக நுழையட்டும். அந்தத் தகட்டில் கோஆக்ஸ் அரெஸ்டர், பக்கத்திலேயே ஈதர்நெட் சர்ஜ் தடுப்பான். டவர் அடியில் இன்னொரு தடுப்பான். இவை பக்கத்தில் விழும் இடிக்கு உதவும். நேராக விழும் இடிக்குக் கேபிளைக் கழற்றி வைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பை நான் நம்பச் சொல்ல மாட்டேன்.

கழற்றி வைக்க ஆள் இல்லாத வீடு என்றால் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, இரைச்சலும் வராது. இரண்டு முனையிலும் ஈதர்நெட்டை ஒளியாகவும் ஒளியை ஈதர்நெட்டாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர். ஒரு எச்சரிக்கை: வீடுகளுக்கு இன்டர்நெட் தர இழுக்கும் டிராப் கேபிளில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஓடும். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதன் பலன் போச்சு. உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபைபர் போட்டால் டவர் பக்கத்து மின்சாரத்தையும் தனியாகத் தர வேண்டும், சோலார்தான் வழி. கேமரா 5 வாட், கன்வெர்ட்டர் 3 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 192 வாட்-மணி. 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு நாள் தாங்கும். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் இதைப்போல இரண்டு மடங்கு தரும், சாரல் மாதங்களில் சரிக்குச் சரியாக வந்து நிற்கும், எனவே இரவில் கேமராவை அணைக்கும் டைமர் ஒன்று சேர்த்துவிடுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரையும் திண்ணைச் சோதனையில் வைத்துப் பாருங்கள், சில கன்ட்ரோலர்கள் கேமராவைவிட மோசமாக இரையும்.

ஏறும் நாள்

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். காற்றடிக்கும் மாதங்களில் எவ்வளவு அவசரமானாலும் ஏறாதீர்கள். முழு உடம்புக்குமான ஹார்னஸ், இரண்டு கயிறு, ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியே இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. கீழே இருவர், அவர்கள் தலையிலும் ஹெல்மெட். ரிக்கிலிருந்து கோஆக்ஸைக் கழற்றி, அதன் முனையை ஏறுகிறவர் கண்ணில் படும்படி வெளியே போட்டுவிடுங்கள், யாரும் மறந்து மைக்கை அழுத்த வழியே இருக்காது. கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு ஏற வேண்டாம், கப்பியில் ஏற்றுங்கள். பக்கத்தில் 11 கேவி லைன் போகிறதென்றால், டவரோ ஏணியோ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை அணைத்த பிறகுதான் வேலை.

மேலே ஏறுவதற்கு முன்னாலேயே கேமராவின் ஐபி முகவரி, பாஸ்வேர்டு, ஃபோகஸ் எல்லாவற்றையும் கீழே முடித்துவிடுங்கள். மேலே செய்ய வேண்டியது நட்டு இறுக்குவதும் திசை வைப்பதும் மட்டும். கீழே இருப்பவர் மொபைலில் படத்தைப் பார்த்துக்கொண்டு “இன்னும் கொஞ்சம் மேக்கே, அண்ணாச்சி” என்று சொல்வார்.

ரோட்டேட்டர் திசையைப் படத்தில் படிக்க ஒரு வழி இருக்கிறது. யாகியை 30 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு ஸ்டில் எடுத்து, கோணத்தைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். பன்னிரண்டு படங்கள். காற்றுக்குப் பிறகு சந்தேகம் வந்தால் இன்றைய படத்தை அவற்றோடு ஒப்பிட்டால் போதும். யாகியின் நடுக் குழாயான பூமின் முன்முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் முன்பக்கம், பின்பக்கம் குழப்பம் வராது. திசை வைக்கச் சாதாரண காம்பஸே போதும், நம் பக்கத்தில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. டவரின் இரும்பிலிருந்து தள்ளி நின்று பாருங்கள்.

பார்ப்பதும் சேமிப்பதும்

ஆன்டெனா ஓடிவிடப் போவதில்லை, நொடிக்கு 5 ஃப்ரேம் தாராளம். எச்265 சுருக்க முறையில் நொடிக்கு 512 கிலோபிட் வைத்தால் ஒரு நாளைக்கு ஐந்தரை ஜிபி, 64 ஜிபி கார்டில் பதினொரு நாள் பதியும். 2 மெகாபிட் என்றால் மூன்று நாளிலேயே நிறைந்துவிடும். ஷேக் கம்ப்யூட்டரில் விஎல்சி மென்பொருளில் ஆர்டிஎஸ்பி முகவரியைக் கொடுத்தால் படம் வந்துவிடும்.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் திறந்து விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது, தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட இப்படிப்பட்ட கேமராக்கள் வழியாகத்தான். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி வழி) போட்டு அதன் வழியாக மட்டும் பாருங்கள்.

இன்டர்நெட்டும் போன பிறகு என்ன செய்வது? அங்கேதான் ஹாமுக்கு மற்றவர்களிடம் இல்லாத வழி இருக்கிறது. கேமராவின் ஒரு ஸ்டில்லை, படத்தை ஒலியாக மாற்றி அனுப்பும் எஸ்எஸ்டிவி முறையில் குரல் போகும் அலைவரிசையிலேயே அனுப்பலாம். ராபட் 36 முறையில் ஒரு படத்துக்கு 36 நொடி, ஸ்காட்டி 1 முறையில் தெளிவு கூடுதல், சுமார் 110 நொடி. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் படங்களை வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. மலை குறுக்கே நிற்பதால் புனலூருக்கு 2 மீட்டரில் நேராகப் போய்ச் சேருவது கடினம். 40 மீட்டரில் பகலில் போகும். வெள்ளத்திலோ புயலிலோ இந்தப் பக்கத்து வானமும் சாலையும் எப்படி இருக்கின்றன என்பதை அந்தப் பக்கத்தவருக்குக் காட்ட ஒரு படம் போதும். உங்கள் உரிமத்தின் வகைக்கு இந்த முறை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அழைப்புக் குறியைச் சொல்லி அனுப்புங்கள்.

அக்கம்பக்கம்

டவரில் கேமரா ஏறிய அன்றே பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்பார்: “தம்பி, அது எங்க வாசலைப் பாக்குதா?” அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே கூப்பிட்டு மொபைலில் படத்தைக் காட்டிவிடுங்கள். வானமும் ஆன்டெனாவும்தான் தெரிகின்றன என்று கண்ணால் பார்த்தால் மனம் ஆறும். வேறு ஏதாவது தெரிந்தால் கேமராவின் மறைப்புக் கட்டம் வசதியில் அதைக் கறுப்பாக்கிவிட்டு, அதையும் காட்டுங்கள். கிணற்றடியும் மொட்டைமாடியும் நம் ஊரில் மற்றவர் கண் படக் கூடாத இடங்கள். ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியை அனுமதியில்லாமல் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மாநில எல்லைப் பக்கம் என்பதால் சோதனைச்சாவடி, ரயில் பாதை, அணை எதுவும் படத்தில் விழாமல் திசை வைத்துக்கொள்வதும் நல்லது.

அதன் பிறகு

வைகாசி கடைசியில், காற்று தொடங்குவதற்கு முன், எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். சாரல் முடிந்ததும் புரட்டாசியில் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்து, இணைப்புப் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கக்கூடும், கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள். அதே நாளில் லாக் புத்தகத்தைத் திறந்து, கேமரா ஓடும்போது ஒரு முறையும் அணைத்த பிறகு ஒரு முறையும் எல்லா பேண்டிலும் எஸ் மீட்டரைப் பார்த்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு எஸ்ஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அடாப்டரையும், அடுத்து ஃபெரைட் சுற்றுகளையும், பிறகு ஷீல்டின் எர்த் இணைப்பையும் பாருங்கள். ஈரத்தில் துருவேறி முதலில் விடுவது பெரும்பாலும் அந்த எர்த் இணைப்புதான்.